பளு மாறினாலும் மாறாத மின்னோட்டம்: ஒத்ததிர்வுச் சுற்று அதை எப்படிச் செய்கிறது?

கேள்வி இதுதான்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் இருந்து, பளுவின் மின்தடை 0 முதல் 20 ஓம் வரை எப்படி மாறினாலும் 5 ஆம்பியர் மட்டுமே பாய வேண்டும். டிரான்சிஸ்டரோ கட்டுப்பாட்டுச் சுற்றோ இல்லாமல், ஒரு மின்தூண்டியையும் ஒரு மின்தேக்கியையும் கொண்டே இதைச் செய்துவிடலாம் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் எப்படி நடக்கிறது? அதில் ஆபத்து உண்டா?

உண்மைதான். நூறாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கும் முறை இது. இன்றும் விமான ஓடுபாதை விளக்குகளிலும் மின்வாகனங்களின் கம்பியில்லா மின்னேற்றிகளிலும் இதன் வடிவங்களைக் காணலாம். ஆனால் தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சுற்று மின்னோட்டத்தைப் பளுவிடமிருந்து விடுவிக்கிறதே தவிர, மூலத்திடமிருந்து விடுவிப்பதில்லை. மின்வழங்கலின் அழுத்தம் 6 சதவீதம் ஏறினால் பளுவின் மின்னோட்டமும் அதே 6 சதவீதம் ஏறும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இதை முழுமையான மின்னோட்டச் சீராக்கி என்று எண்ணிக் கட்டியவர்கள் பலர் பின்னர் குழம்பியிருக்கிறார்கள்.

முதலில் செயற்பாட்டைப் பார்ப்போம். மின்மூலத்தோடு ஒரு மின்தூண்டியைத் தொடராக இணைத்து, அதன் மறுமுனைக்கும் மூலத்தின் மற்ற முனைக்கும் இடையே ஒரு மின்தேக்கியை வைத்து, அந்த மின்தேக்கிக்குப் பக்க இணைப்பாகப் பளுவை வையுங்கள். மின்தூண்டியின் மின்மறுப்பும் (மாறுதிசை மின்னோட்டத்தை அது தடுக்கும் அளவு, ஓமில்) மின்தேக்கியின் மின்மறுப்பும் 50 ஹெர்ட்ஸில் சமமாக இருக்கட்டும். அந்தப் பொது மதிப்பை எக்ஸ் என்று அழைப்போம். இப்போது நார்ட்டன் தேற்றத்தை நினைவுகூருங்கள். ஓர் அழுத்த மூலமும் அதனுடன் தொடரிலுள்ள மின்தூண்டியும் சேர்ந்த அமைப்பு, வெளியிலிருந்து பார்க்கையில், மூலத்தின் அழுத்தத்தை எக்ஸ் ஆல் வகுத்த அளவுள்ள ஒரு மின்னோட்ட மூலமும், அதற்குப் பக்க இணைப்பாக அதே மின்தூண்டியும் கொண்ட அமைப்புக்குச் சமம். அந்த மின்தூண்டிக்குப் பக்க இணைப்பாகத்தான் நம் மின்தேக்கியும் இருக்கிறது. சமமான மின்மறுப்புள்ள மின்தூண்டியும் மின்தேக்கியும் பக்க இணைப்பில் ஒத்ததிர்வுக்கு வரும்போது அவை இரண்டும் தமக்குள்ளேயே மின்னோட்டத்தைச் சுழற்றிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவற்றின் கூட்டு மின்னெதிர்ப்பு (மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு) முடிவிலி. ஆகவே மின்னோட்ட மூலம் தரும் மின்னோட்டம் முழுவதற்கும் பளுவைத் தவிர வேறு வழியில்லை. பளு 1 ஓமாக இருந்தாலும் 20 ஓமாக இருந்தாலும், ஏன் அது குறுக்கிணைப்பாகவே (ஷார்ட் சர்க்யூட்) இருந்தாலும், பாய்வது அழுத்தத்தை எக்ஸ் ஆல் வகுத்த அதே மின்னோட்டம்தான்.

குறுக்கிணைப்பு நிலையை வைத்து இதை மனத்தளவில் சரிபார்க்கலாம். பளுவின் இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வைத்தால் மின்தேக்கி செயலிழந்துவிடுகிறது. மூலத்துக்கு எதிரே நிற்பது மின்தூண்டி மட்டுமே. எனவே பாயும் மின்னோட்டம் அழுத்தத்தை எக்ஸ் ஆல் வகுத்தது. பளு வந்தபின் மின்தேக்கி செய்வதெல்லாம், பளுவின் குறுக்கே எழும் அழுத்தத்தால் குறையவிருந்த பகுதியை ஈடுகட்டி, அந்தக் குறுக்கிணைப்பு மின்னோட்டத்தை அப்படியே காப்பதுதான். இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே புரியும்: மின்தூண்டி அளவைத் தீர்மானிக்கிறது, மின்தேக்கி அந்த அளவு மாறாமல் காக்கிறது.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். 230 வோல்ட்டை 5 ஆம்பியரால் வகுத்தால் எக்ஸ் 46 ஓம். 50 ஹெர்ட்ஸில் கோண அதிர்வெண் விநாடிக்கு 314.16 ரேடியன் என்பதால், மின்தூண்டி 146.4 மில்லி ஹென்றி, மின்தேக்கி 69.2 மைக்ரோ ஃபாரடு. பளு 20 ஓமாக இருக்கும்போது அதன் குறுக்கே 100 வோல்ட்டும், அதில் 500 வாட்டும் இருக்கும். அப்போது மின்தேக்கியில் 2.17 ஆம்பியர் பாய்கிறது. அது பளுவின் 5 ஆம்பியருக்குச் செங்கோணக் கட்டத்தில் இருப்பதால் மின்தூண்டியில் 5.45 ஆம்பியர் பாயும். வெறும் 500 வாட்டுக்கு மின்தூண்டி ஏறத்தாழ 1,370 வார் ரியாக்டிவ் திறனை, அதாவது செலவாகாமல் மூலத்துக்கும் சுற்றுக்கும் இடையே போய்வரும் திறனை, தாங்க வேண்டியிருக்கிறது. இந்த முறையின் விலை இதுதான்: சுற்று சிறியதாகத் தோன்றினாலும் இரும்பும் செம்பும் அப்படிச் சிறியவை அல்ல.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது மின்தூண்டிக்கும் மின்தேக்கிக்கும் இடையே நான் மேலே சொன்ன வேலைப்பிரிவு பெரிதும் உதவுகிறது. சந்தையில் கிடைக்கும் மின்தேக்கி குறிப்பிட்ட மதிப்பிலிருந்து 5 சதவீதம் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பளு தூய மின்தடையாகவும் எக்ஸுக்குச் சமமாகவும் இருந்தால், அந்த விலகலால் பளுவின் மின்னோட்டம் குறைவது ஏறத்தாழ 0.12 சதவீதம் மட்டுமே. ஏனெனில் ஒத்ததிர்வு பிசகியதால் கசியும் மின்னோட்டம் பளுவின் மின்னோட்டத்துக்குச் செங்கோணத்தில் நிற்கிறது. செங்கோணத்தில் சேரும் சிறிய பிழை கூட்டுத்தொகையை மிகக் குறைவாகவே மாற்றும். ஆனால் மின்தூண்டி 5 சதவீதம் விலகினால் மின்னோட்டமும் நேரடியாக அதே அளவு விலகிவிடும். எனவே நேரத்தையும் பணத்தையும் மின்தூண்டியைச் சரியாகச் சுற்றுவதிலும், அதன் காற்றிடைவெளியை நுணுக்கமாகச் சரிசெய்வதிலும் செலவிடுங்கள். மின்தேக்கி ஓரளவு பிசகினாலும் மன்னித்துவிடலாம். பளு எக்ஸைவிடப் பல மடங்கு பெரிதாகும்போது மட்டும் அந்தச் சலுகை குறைந்துவிடும்.

மின்தூண்டியின் தரக்காரணிக்கு, அதாவது அதன் மின்மறுப்பு இழப்புத் தடையைப் போல எத்தனை மடங்கு என்ற எண்ணுக்கு, இப்படிப்பட்ட சலுகை கிடையாது. சுருளின் கம்பித் தடையும் உள்ளக இழப்பும் சேர்ந்து, முடிவிலியாக இருக்க வேண்டிய உள் மின்னெதிர்ப்பை எக்ஸைப் போலத் தரக்காரணி மடங்குள்ள ஒரு மின்தடையாகக் குறைத்துவிடுகின்றன. தரக்காரணி 50 என்றால் உங்கள் சுற்றின் உள் தடை 2,300 ஓம். இது பளுவோடு ஒரே கட்டத்தில் மின்னோட்டத்தைப் பங்குபோடுவதால் பிழை முழுமையாக வெளிப்படும்: பளு 46 ஓமுக்கு ஏறும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும், 20 ஓமில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். உங்கள் தேவைக்கு இது போதும் என்றே நினைக்கிறேன்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியதில்லை. இந்திய மின்கட்டமைப்பின் விதிகள் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை வகுத்திருக்கின்றன. அதற்குள் நிகழும் ஏற்ற இறக்கத்தால் மின்னோட்டம் 0.2 சதவீதத்துக்கு மேல் மாறாது. ஆனால் சிறிய டீசல் ஜெனரேட்டரில் இருந்து இயக்குவதானால் கதை வேறு. பளு ஏறும்போது 2 ஹெர்ட்ஸ் சரிவது அங்கே இயல்பு, அப்போது 4 சதவீத மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டும். அழுத்த ஏற்ற இறக்கத்தை ஏற்கெனவே சொன்னேன். அதுவும் வேண்டாம் என்றால் முன்னால் ஒரு அழுத்தச் சீராக்கியை வைப்பதே நேர்மையான வழி.

இனி ஆபத்தைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அழுத்த மூலங்களோடு மட்டுமே பழகியவர்களின் உள்ளுணர்வு இங்கே நேர் எதிராக வழிகாட்டும். அழுத்த மூலத்தின் ஓய்வு நிலை திறந்த முனை. அதைக் குறுக்கே இணைப்பது விபத்து. மின்னோட்ட மூலத்தின் ஓய்வு நிலை குறுக்கிணைப்பு. அதைத் திறந்துவிடுவதே விபத்து. மின்னோட்ட மின்மாற்றியின், அதாவது சி.டி.யின், இரண்டாம் சுருளை ஒருபோதும் திறந்துவிடக் கூடாது என்பது ஒவ்வொரு மின்பணியாளருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம். இங்கேயும் அதே பாடம்தான்.

பளு கழன்றுவிட்டால், மூலத்தோடு இருப்பது தொடரிலுள்ள ஒரு மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே. அவையும் சரியாக ஒத்ததிர்வில் இருக்கின்றன. கோட்பாட்டளவில் அழுத்தத்துக்கு எல்லையே இல்லை. தரக்காரணி 50 என்று கொண்டால்கூட 230 வோல்ட் 50 மடங்காகி 11,500 வோல்ட் என்று கணக்கு வருகிறது. நடைமுறையில் அதற்கு வெகு முன்னரே இரும்பு உள்ளகம் காந்தச் செறிவை அடைந்து ஒத்ததிர்வு குலையும், அல்லது ஏதேனும் ஒன்று வெடிக்கும். எவ்வளவு வேகமாக இது நடக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்: இழப்பற்ற ஒத்ததிர்வில் மின்தேக்கியின் அழுத்தம் ஒவ்வொரு சுழற்சிக்கும் மூலத்தின் அழுத்தத்தைப் போல 3.14 மடங்கு உயர்கிறது. உங்கள் சுற்றில் அது 20 மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 720 வோல்ட். 440 வோல்ட் மின்தேக்கி முதல் சுழற்சிக்குள்ளேயே தன் எல்லையைத் தாண்டிவிடும். என் மாணவப் பருவத்தில் ஓர் ஆய்வகத்தில் பளுவின் ஒரு முனைத் திருகு தளர்ந்து கழன்றதை நான் அருகிலிருந்து பார்த்தேன். யாரும் கையை நீட்டிச் சுவிட்சைத் தொடுவதற்குள் மின்தேக்கியின் உறை உப்பிவிட்டது. மனிதக் கை மட்டுமன்று, சாதாரண ரிலேயும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதை அன்றிலிருந்து மறந்ததில்லை.

ஆகவே பாதுகாப்பு வெளியீட்டைக் குறுக்கே இணைப்பதாக இருக்க வேண்டும். வெளியீட்டில் ஃபியூஸ் போடாதீர்கள். அது உருகும் கணமே நீங்கள் அஞ்சும் நிலையை அது உருவாக்கிவிடும். பளு இயல்பாக இருக்கையில் உச்ச அழுத்தம் 141 வோல்ட்டே என்பதால், ஏறத்தாழ 250 வோல்ட் உச்சத்தில் தூண்டப்படும் ஒரு டிரையாக்கை (இரு திசையிலும் கடத்தும் மின்னணுச் சுவிட்ச்) மின்தேக்கிக்குப் பக்க இணைப்பாக வைக்கலாம். அது இயங்கியதும் வெளியீடு குறுக்கிணைப்பாகி, நிலைபெற்ற பின் அதே 5 ஆம்பியர் அதன் வழியே பாதுகாப்பாகப் பாயும். ஏறியிருக்கும் மின்தேக்கி ஒரேயடியாக டிரையாக்குக்குள் கொட்டிவிடாமல் இருக்க, அதனோடு தொடரில் ஒரு சிறு மின்தடையோ சிறு சுருளோ கட்டாயம் வேண்டும். இரண்டாம் அரணாக ஒரு உலோக ஆக்சைடு வேரிஸ்டர் (மிகை அழுத்தத்தில் மட்டும் கடத்தும் உறுப்பு) இருக்கட்டும். பளுவை இயக்கவும் நிறுத்தவும் வைக்கும் சுவிட்சும் பளுவுக்குப் பக்க இணைப்பாகவே இருக்க வேண்டும்: மூடினால் பளு நிற்கும், திறந்தால் பளு இயங்கும்.

மூலத்தின் பக்கம் திரும்பினால் இன்னொரு குறை தெரிகிறது. இந்த எளிய சுற்று, பளு எதுவாக இருந்தாலும், மூலத்திலிருந்து எப்போதும் 5 ஆம்பியர் பிந்திய கட்ட (அழுத்தத்துக்குக் கால் சுழற்சி பின்தங்கும்) மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பயனுள்ள மின்னோட்டம் அதன்மேல் செங்கோணத்தில் சேர்கிறது. 20 ஓம் பளுவில் திறன் காரணி, அதாவது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய அளவில் பயன்படும் திறனின் பங்கு, வெறும் 0.40. ஆனால் அந்தப் பிந்திய மின்னோட்டம் பளுவைச் சார்ந்ததே அன்று என்பது நமக்குப் பெரிய வசதி. மாறாத ஒன்றை மாறாத இன்னொன்றால் துடைத்துவிடலாம்: உள்ளீட்டின் குறுக்கே அதே 69.2 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி ஒன்றை வைத்தால் போதும். இப்போது நடுவில் ஒரு மின்தூண்டி, இருபுறமும் மின்தேக்கி என்று பை எழுத்தின் வடிவம் கிடைக்கிறது. மூலம் காணும் மின்னெதிர்ப்பு, எக்ஸின் வர்க்கத்தைப் பளுவின் மின்தடையால் வகுத்தது. அது தூய மின்தடை, திறன் காரணி 1.

இந்தத் தலைகீழ் உறவில் அழகான ஓர் இயல்பு இருக்கிறது. பளுவின் மின்தடை குறையக் குறைய மூலம் காணும் தடை ஏறுகிறது. வெளியீட்டைக் குறுக்கே இணைத்தால் மூலத்திலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வெளியீட்டில் 5 ஆம்பியர் பாய்ந்துகொண்டே இருக்க, மின்வழங்கலின் பக்கத்தில் அம்மீட்டர் அசைவற்று நிற்பதை முதன்முறை பார்ப்பவர் நம்ப மாட்டார். கால் அலைநீளமுள்ள மின்செலுத்தக் கம்பி இணையின் இயல்பும் இதேதான். மூன்று உறுப்புகளில் ஒரு கால் அலைநீளக் கம்பியைச் சுருக்கி வைத்திருக்கிறோம் என்றே கொள்ளலாம்.

இதே இயல்பை வேறு இரு வடிவங்களிலும் பெறலாம். ஒன்று, இரண்டு மின்தூண்டிகளுக்கு நடுவே ஒரு மின்தேக்கி தொங்கும் டி எழுத்தின் வடிவம். இன்னொன்று சதுரம்: நான்கு கைகளில் எதிரெதிர்க் கைகள் இரண்டில் மின்தூண்டி, மற்ற இரண்டில் மின்தேக்கி, ஒரு மூலைவிட்டத்தில் மூலம், மற்றதில் பளு. நான்கு உறுப்புகளின் மின்மறுப்பும் எக்ஸ் ஆகவே இருந்தால் பளுவின் மின்னோட்டம் இங்கும் அழுத்தத்தை எக்ஸ் ஆல் வகுத்ததுதான். ஆனால் மூலத்தின் அழுத்தமும் பளுவின் அழுத்தமும் நான்கு கைகளிடையே சமமாகப் பங்கிடப்படுவதால், உறுப்புகள் மொத்தமாகத் தாங்கும் ரியாக்டிவ் திறன் பாதியாகிறது. உங்கள் 500 வாட் பளுவுக்கு டி வடிவமும் பை வடிவமும் மொத்தம் ஏறத்தாழ 2,735 வார் கேட்கின்றன. சதுரம் 1,367 வார் மட்டுமே கேட்கிறது. திறன் காரணி குறைந்த முதல் எளிய சுற்றுகூட 1,585 வார் எடுத்துக்கொள்கிறது என்பதோடு ஒப்பிட்டால் சதுரத்தின் சிக்கனம் புரியும். அதற்கு ஈடாக அது ஒன்றை நம்மிடம் கேட்கிறது: மூலத்துக்கும் பளுவுக்கும் பொதுவான முனை கிடையாது, எனவே ஏதேனும் ஒரு பக்கத்தில் பிரிப்பு மின்மாற்றி இல்லாமல் இரண்டையும் பூமியோடு இணைக்க முடியாது.

இவை எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்வது பொருத்தமாக இருக்கும். தொடரில் இணைத்த வில்விளக்குகளின் காலம் அது. 1879 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் 12 வில்விளக்குகளை ஏற்றிக் காட்டினார். ஒரே மின்னோட்டம் எல்லா விளக்குகளையும் கடந்து செல்லும் அத்தகைய தொடரில் ஒரு விளக்கு அணைந்து குறுக்கிணைக்கப்பட்டாலும் மற்றவற்றின் மின்னோட்டம் மாறக் கூடாது. அதாவது மின்னோட்ட மூலம் வேண்டும். பிரஷ் அதற்கெனத் தனி நேர்மின்னோட்ட இயந்திரங்களைச் செய்தார். மாறுதிசை மின்னோட்டமும் மாறாத அழுத்தமும் நகரங்களின் பொது ஏற்பாடாக மாறியபோது, அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றும் தேவை எழுந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் பால் பூஷெரோ முன்வைத்த மின்தூண்டி, மின்தேக்கிச் சுற்றுகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பணியாற்றிய சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் டி வடிவத்தையும் சதுரத்தையும் இழப்பு, அதிர்வெண் பிசகு, மேற்சுரங்களின் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைகளின்) விளைவு ஆகிய எல்லாவற்றோடும் கணக்கிட்டு எழுதினார். அந்தச் சதுரத்துக்கு மோனோசைக்கிளிக் சதுரம் என்ற பெயரும் நிலைத்தது. தெருவிளக்குத் தொடர்கள் மறைந்துவிட்டாலும், விமான ஓடுபாதை விளக்குகள் இன்றும் 6.6 ஆம்பியர் தொடரிலேயே எரிகின்றன. முதல் விளக்கும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடைசி விளக்கும் ஒரே ஒளியோடு தெரிய வேண்டும் என்ற தேவைக்கு இதைவிட இயல்பான விடை இல்லை. பின்னர் 1960களில் கீவ் நகரின் மின்னியக்கவியல் நிறுவனத்தில் மிலியாக்கும் வோல்கோவும் இந்தச் சுற்றுகளை முழுமையான ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார்கள்.

அதிர்வெண் ஏறும்போது இரும்பின் எடை என்ற தடை விலகிவிடுகிறது. இந்தச் சுற்று இன்று மீண்டும் உயிர்பெற்றிருப்பதற்குக் காரணம் அதுவே. 48 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இயங்கும் முழுப்பால இன்வெர்ட்டர் (நேர்மின்னோட்டத்தை மாறுதிசையாக்குவது), டி வடிவச் சுற்று, அலைதிருத்தி (அதை மீண்டும் நேர்த்திசையாக்குவது) என்று அடுக்கி, 0.7 ஆம்பியர் எல்.இ.டி. சரம் ஒன்றை இயக்குவதாகக் கொள்வோம். இன்வெர்ட்டரின் சதுர அலையின் அடிப்படைக் கூறு, அலைதிருத்தியின் சராசரி இரண்டையும் சேர்த்தால், வெளியீட்டு மின்னோட்டம் மூல அழுத்தத்தின் 0.81 மடங்கை எக்ஸ் ஆல் வகுத்தது. எக்ஸ் 55.6 ஓம், 100 கிலோ ஹெர்ட்ஸில் மின்தூண்டிகள் ஒவ்வொன்றும் 88.5 மைக்ரோ ஹென்றி, மின்தேக்கி 28.6 நானோ ஃபாரடு. முன்பு கண்ட 146 மில்லி ஹென்றி மின்தூண்டியை, அதாவது சோக்கை, இரு கைகளாலும் தூக்க வேண்டும். இதை விரல் நுனியில் வைத்துக்கொள்ளலாம். சரத்தில் எத்தனை எல்.இ.டி. இருந்தாலும் பின்னூட்டமே இல்லாமல் மின்னோட்டம் நிலைத்து நிற்கும்.

இங்கே பை வடிவத்தைக் கையாளக் கூடாது என்பதையும் கவனியுங்கள். சதுர அலை தரும் இன்வெர்ட்டரின் குறுக்கே நேரடியாக மின்தேக்கியை வைத்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் பெரும் மின்னோட்டம் பாய்ந்து சுவிட்சுகளை அழித்துவிடும். டி வடிவம் மேற்சுரங்களையும் நன்றாக அடக்குகிறது: வெளியீடு குறுக்கிணைப்பாக இருக்கும்போதுகூட, மூன்றாம் மேற்சுரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு எக்ஸைப் போல 21 மடங்கு, எளிய இரட்டை உறுப்புச் சுற்றோ வெறும் 3 மடங்குதான் காட்டும். மின்மாற்றி வைத்தால் அதன் கசிவுத் தூண்டலையே இரண்டாம் மின்தூண்டியாகக் கொள்ளலாம் என்பது இன்னொரு ஆதாயம்.

மின்தேக்கி வங்கிகளை மின்னேற்றுவதற்கு இது மிகச் சிறந்த முறை. மின்தடை வழியாக மின்னேற்றினால், சேமிக்கும் ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் வெப்பமாகப் போய்விடும்; மாறா மின்னோட்டத்தில் ஏற்றினால் அழுத்தம் நேர்கோட்டில் ஏறும், அந்த இழப்பு இராது. லேசர்களும் துகள் முடுக்கிகளும் உள்ள இடங்களில் இதன் தேவை பெரிது. இந்தோரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் பொறியாளர்கள் டி வடிவச் சுற்றில் பிடிப்பு டையோடுகளைச் சேர்த்து, மின்னோட்டம் மாறாமல் இருக்கும் அதே சுற்றே குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டியதும் தானாக அழுத்த எல்லைக்குள் நின்றுகொள்ளும்படி செய்து காட்டினார்கள். நான் மேலே அவ்வளவு வலியுறுத்திய திறந்த முனை ஆபத்துக்கு, மிகையான ஆற்றலை வீணாக்காமல் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பும் இந்த விடையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கம்பியில்லா மின்னேற்றத்தில் இதே கருத்து வேறு உருவில் வருகிறது. இரு சுருள்களிலும் தொடராக மின்தேக்கி வைத்து ஒத்ததிர்வில் இயக்கினால், இரண்டாம் சுருளின் மின்னோட்டம், முதல் சுருளின் அழுத்தத்தைப் பரிமாற்றத் தூண்டலின் (ஒரு சுருள் மற்றதில் மின்னழுத்தம் தூண்டும் அளவின்) மின்மறுப்பால் வகுத்ததற்குச் சமம். பளு அதில் இடம்பெறவே இல்லை. ஆனால் வாகனம் விலகிப் பிணைப்பு குறைந்தால் வகுக்கும் எண் சிறுத்து மின்னோட்டம் பெருகும். அதனால்தான் 85 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் வாகன மின்னேற்றிகளில், முதல் சுருளின் முன்னால் இன்னொரு மின்தூண்டியையும் மின்தேக்கிகளையும் சேர்த்து, வாகனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரைச் சுருளில் ஒரே மின்னோட்டம் ஓடும்படி செய்கிறார்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜான் பாய்ஸும் கிராண்ட் கோவிக்கும் பல ஆண்டுகளாக வளர்த்த துறை இது.

உங்கள் தேவைக்குத் திரும்புகிறேன். 50 ஹெர்ட்ஸ், 500 வாட், ஒரே ஒரு கருவி என்பதால் பை வடிவத்தையே பரிந்துரைப்பேன்: சோக் ஒன்று போதும், மின்தேக்கிகள் மலிவு. பல கிலோவாட் தேவைப்பட்டிருந்தால் சதுரத்தைச் சொல்லியிருப்பேன், ஏனெனில் அங்கே இரும்பு பாதியாவது பெரிய சேமிப்பு. முன்னால் ஒரு 230க்கு 230 வோல்ட் பிரிப்பு மின்மாற்றி கட்டாயம் இருக்க வேண்டும். பளுவைக் கையால் மாற்றும் இடத்தில் மின்வழங்கலின் ஃபேஸ் நேரடியாக வரக் கூடாது. சோக்கைக் காற்றிடைவெளியுள்ள சிலிக்கான் எஃகு உள்ளகத்தில், 6 ஆம்பியரிலும் செறிவடையாத அளவில் சுற்றச் சொல்லுங்கள். வெளியீட்டைக் குறுக்கே இணைத்து 5 ஆம்பியர் கிடைக்கும்வரை இடைவெளியைச் சரிசெய்வதே அதற்கான எளிய அளவீடு. மின்தேக்கிகள் மோட்டாரோடு எப்போதும் இணைந்திருக்கும் வகையான பாலிபுரொப்பிலீன் படல மின்தேக்கிகளாக, 440 வோல்ட் தரத்தில் இருக்கட்டும். மோட்டாரைத் தொடங்க மட்டும் உதவும் மின்பகு வகையை இங்கே தொடர்ந்து இயக்கினால் அது சூடேறிக் கெடும். உள்ளீட்டில் 4 ஆம்பியர் விரைவு ஃபியூஸ் வையுங்கள்: இயல்பான மின்னோட்டம் 2.17 ஆம்பியரைத் தாண்டாது, திறந்த முனையில் மட்டுமே அது மளமளவென ஏறும். முதன்முறை மின்னூட்டும்போது வெளியீட்டைத் தடித்த கம்பியால் குறுக்கே இணைத்து வைத்துவிட்டு, உள்ளீட்டை ஒரு வேரியாக்கின் (அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் மின்மாற்றியின்) வழியே 20 வோல்ட்டில் தொடங்கி ஏற்றுங்கள், 0.43 ஆம்பியர் தெரிந்தால் சோக் சரி. பிறகு 10 ஓம், 20 ஓம் என்று வைத்துப் பார்த்து, மின்னோட்டம் அதே இடத்தில் நின்றால் மின்தேக்கியும் சரி. டிரையாக் பாதுகாப்பைச் சோதிக்காமல் 60 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.